ஷட்டர் போனால் கேமராவே போச்சா?

வாசகர் கேள்வி – பதில்

கோடை சீசன் முடிந்து மழை பிடித்துக்கொள்ளும் நேரம் இது. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் கேமராவை நம்பிப் பிழைப்பவர்கள் தள்ளிப்போட்ட ரிப்பேர் வேலைகளை இப்போதுதான் கையில் எடுப்பார்கள். அதனால், கேமராவுக்குள் வெளிச்சத்தைத் திறந்துவிட்டு மூடும் திரையான ஷட்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: கல்யாண வேலைக்கு கேனன் 5டி மார்க் 3 வைத்திருக்கிறேன். ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் இதுவரை ஓடிய எண்ணிக்கை) 1,80,000 தாண்டிவிட்டது. ஒரு மாதமாக வெயிலில் எடுக்கும் படங்களில் ஒரு ஓரம் கறுத்து வருகிறது. மண்டபத்துக்குள் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் வரியோடு 19,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு தனிக் கடையில் 9,000 கேட்கிறார்கள். இதே பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) செகண்ட்ஹேண்டில் 48,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஷட்டரை மாற்றலாமா, கேமராவைத் தள்ளிவிடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மாற்றுங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், கெட்டிருப்பது ஷட்டர்தானா என்று வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

வெயிலில் கறுக்கிறது, மண்டபத்தில் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் கேமராவில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் கீழுமாக ஓடுகின்றன. முதல் திரை விலகி, படம் பதியும் சென்சாரைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். சென்சாரின் 24 மி.மீ. உயரத்தைக் கடக்க ஒரு திரைக்கு ஒரு நொடியில் சுமார் 300-ல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. 1/8000 நொடி வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 1 மி.மீ. அகல இடுக்குதான். அந்த இடுக்குதான் சென்சார்மேல் வழித்துக்கொண்டு ஓடுகிறது. தேய்ந்த ஷட்டரில் முதல் திரை கொஞ்சம் சுணங்கினாலோ, இரண்டாவது திரை முந்திக்கொண்டாலோ, 1 மி.மீ. இடுக்கு போகப்போக அரை மி.மீ. ஆகிவிடும். அந்தப் பக்கம் வெளிச்சம் பாதியாகக் குறையும். 1/125-ல் எடுக்கும்போது அதே பிசகு ஒரு பொருட்டே இல்லை. வெயிலில் 1/4000-க்குப் போகிறீர்கள், மண்டபத்தில் 1/125-ல் நிற்கிறீர்கள். வித்தியாசம் அங்கேதான்.

சோதனை இப்படி: மூடுபனி இறங்கிய நாளில் வீட்டுக்கு வெளியே உள்ள வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நிழல் விழாமல், ஓரத்துக்கு ஓரம் ஒரே வெளிச்சமாக இருக்கும். கேமராவை மேனுவலில் வைத்து, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்துவிடுங்கள். லென்ஸின் துளைத் தகடுகள் சிக்கிக்கொண்டாலும் படம் ஏறுமாறாக வரும். முழுதாகத் திறந்திருந்தால் அவை அசையாது, சந்தேகம் ஷட்டரோடு நிற்கும். 1/125-க்கு ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) 100 என்று தொடங்கி, 1/250-க்கு 200, 1/500-க்கு 400 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 1/8000-ல் 6400 வரும். ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படம் எடுங்கள். ஒன்றிரண்டு போதாது, தேயும் ஷட்டர் சில நேரம் ஒழுங்காகவும் ஓடும்.

பத்தும் ஒரே மாதிரி ஓரம் கறுத்தால் திரைகளின் ஓட்டம் பிசகியிருக்கிறது. மூன்று நன்றாக, நாலு கறுப்பாக, மூன்று வெளிறிப்போய் வந்தால் திரையைப் பிடித்துவிடும் மின்காந்தத்தில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், தடுப்பு ரப்பர் உதிர்ந்திருக்கலாம். எல்லா வேகத்திலும் ஒரே இடத்தில் நிழல் விழுந்தால் ஷட்டர் திரையின் தகடு ஒன்று கழன்று குறுக்கே நிற்கிறது. அப்படியானால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். முறிந்த தகட்டோடு இன்னொரு கிளிக் அடித்தால் சென்சாரின் முன்கண்ணாடியில் கீறல் விழும், செலவு ஷட்டரோடு நிற்காது. கறுப்பு படத்தின் மேலோ கீழோ இல்லாமல் நாலு மூலையிலும் இருந்தால் ஷட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள், லென்ஸையும் அதன் முன்னால் மாட்டும் ஹுட்டையும் பாருங்கள்.

இப்போது பணக் கணக்கு. இந்த பாடியின் ஷட்டருக்கு கேனன் சொல்லும் ஆயுள் 1,50,000. புது ஷட்டர் அவ்வளவு ஓடினால், 19,800 ரூபாயில் ஒரு கிளிக்குக்கு 13 பைசா. ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம் என்றால் 330 ரூபாய். அறுபது கல்யாணம் தாங்கும். தனிக் கடையில் சொன்ன 9,000 பாதிக்கும் குறைவாகத் தெரிகிறது. ஆனால் அவர்கள் போடப்போவது உடைந்த வேறொரு பாடியிலிருந்து கழற்றிய யூனிட்டாக இருந்து, அது ஏற்கெனவே 80,000 ஓடியிருந்தால், மிச்சம் 70,000-தான். அதுவும் கிளிக்குக்கு 13 பைசாவில்தான் வந்து நிற்கிறது! விலை குறைவு என்பது தோற்றம்தான். புது யூனிட்டை 9,000 ரூபாய்க்குப் போடுகிறார்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

அதனால் தனிக் கடையில் கேட்க வேண்டியவை: யூனிட் புதிதா, கழற்றியதா? போட்டபின் ஷட்டர் டெஸ்டரில் வைத்து வேகத்தைச் சரிபார்த்து, திரைகளின் நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருள் வசதி இருக்கிறதா? பழைய யூனிட்டைத் திருப்பித் தருவார்களா? வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம், பில்லில் எழுதித் தருவார்களா? இந்தக் கேள்விகளோடு இன்னொன்றும் முக்கியம். லென்ஸுக்குப் பின்னால் உள்ள மிரர் பெட்டிக்கும் சென்சாருக்கும் நடுவில் ஷட்டர் உட்கார்ந்திருக்கிறது. சென்சாரைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. சென்சாரின் திருகுகளுக்கு அடியில் மெல்லிய வளையங்கள் இருக்கும். எந்தத் திருகின் கீழ் எத்தனை வளையம் என்பதை மாற்றிப் போட்டால் சென்சார் ஒரு முடியளவு சாய்ந்துவிடும். படத்தின் இடப்பக்கம் கூர்மையாக, வலப்பக்கம் மங்கலாக வரும். மணமேடையில் குடும்பத்தோடு நிற்கவைத்து எடுக்கும் குரூப் படத்தில்தான் அது முதலில் தெரியும். கேமராவை வாங்கும்போதே கடையில் நின்று, ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, துளையை முழுதாகத் திறந்து எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

செகண்ட்ஹேண்ட் பாடி 48,000 என்றால், 19,800 அதில் நூற்றுக்கு 41. பாதியைத் தாண்டவில்லை. உங்கள் கேமரா எங்கே விழுந்தது, எந்த மழையில் நனைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கப்போகும் கேமராவின் கதை தெரியாது. பாதி விலையைத் தாண்டினாலோ, ஷட்டரோடு மிரர் மோட்டார், கார்டு ஸ்லாட் என்று வேறு கோளாறும் சேர்ந்தாலோ, அப்போது தள்ளிவிடுவதை யோசிக்கலாம். 12,000 ரூபாய் பெறும் ஆரம்பநிலை பாடிக்கு 9,000 செலவழிப்பது வீண்.

ரிப்பேர் ஆகும்வரை வேலை வந்தால் 1/500-க்கு மேல் போகாதீர்கள். முகூர்த்தத்துக்கு இன்னொரு பாடியை வாடகைக்காவது எடுத்துக் கையில் வைத்திருங்கள். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது.

கேள்வி: ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களைப் படம் எடுத்து உடனே பிரின்ட் போட்டுக் கொடுக்கும் தொழில். பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கப்போகிறேன். கவுன்ட் வெறும் 12,000 என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: படத்தின் பெயரில் இருக்கும் எண்ணைக் காட்டினால் நம்பவே நம்பாதீர்கள். அது 9999 ஆனதும் மறுபடி 0001-ல் தொடங்கும், மெனுவிலும் மாற்றிக்கொள்ளலாம்.

நிக்கான் என்றால் எளிது. படத்துக்குள் மறைந்திருக்கும் குறிப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை பதிவாகிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்தால் வந்துவிடும். ஆனால் மெமரி கார்டிலிருந்து நேராக எடுத்த படமாக இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பிய படத்திலும், எடிட் செய்து சேமித்த படத்திலும் அந்தக் குறிப்பு அழிந்துபோயிருக்கும். உங்கள் கார்டைப் போட்டு நீங்களே ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கேனனில் பெரும்பாலான பாடிகள் படத்தில் எண்ணிக்கையை எழுதுவதில்லை. யு.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளில்தான் படிக்க முடியும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

எண்ணிக்கை வந்தபிறகு உடம்பையும் பாருங்கள். 12,000 கிளிக் ஓடிய கேமராவில் பிடி ரப்பர் தளர்ந்து உப்பியிருக்காது, ஷட்டர் பட்டன் பளபளவென்று தேய்ந்திருக்காது, லென்ஸ் மாட்டும் வளையத்தில் பித்தளை தெரியாது. எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணிக்கை பதிவாகும் மெயின் போர்டு மாறியிருக்கலாம். ஷட்டரை மட்டும் மாற்றினால் எண்ணிக்கை தானாகப் பூஜ்யத்துக்குப் போகாது, சர்வீஸ் மென்பொருளில் மாற்றினால்தான் மாறும். எண்ணிக்கை 1,60,000 என்று காட்டினாலும், ஷட்டர் மாற்றிய பில்லை விற்பவர் வைத்திருந்தால் அது நல்ல கேமராதான்.

கம்பெனி சொல்லும் ஆயுள் கேனன் 80டி-க்கு 1,00,000, நிக்கான் டி750-க்கு 1,50,000, கேனன் 7டி மார்க் 2, நிக்கான் டி850 இரண்டுக்கும் 2,00,000, கேனன் 1டி எக்ஸ் மார்க் 2-க்கு 4,00,000. இது காலாவதித் தேதி கிடையாது. 60,000-ல் படுத்துவிடும் ஷட்டரும் உண்டு, 3,00,000 ஓடுவதும் உண்டு. நிக்கான் டி600 வாங்கினால், ஷட்டர் பக்கமிருந்து சென்சாரில் எண்ணெய்ப் புள்ளி தெறிக்கும் கோளாறுக்காக 2014-ல் நிக்கானே இலவசமாக ஷட்டர் மாற்றித் தந்ததை நினைவில் வையுங்கள். டி750-ன் ஒரு பகுதிக்கும், வேறொரு ஷட்டர் கோளாறுக்காக, 2015 முதல் இலவச மாற்றம் அறிவித்தார்கள். மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 16-ல் வானத்தை எடுத்துப் பார்த்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்துவிடும்.

கடைசியாக, தொடர்ச்சியாக ஐம்பது படம், ஷட்டரை 30 நொடி திறந்துவைத்து ஒரு படம், உச்ச வேகத்தில் பத்துப் படம் எடுத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வீடியோ ஓடிய நேரம் ஷட்டர் எண்ணிக்கையில் வராது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: பிளாஷ் போட்டு எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி கறுப்பாக வருகிறது. பிளாஷ் இல்லாமல் எடுத்தால் சரியாக இருக்கிறது. ஷட்டர் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: மாற்றாதீர்கள். ஷட்டர் வேகத்தை 1/125-க்கு இறக்கி ஒரு படம் எடுங்கள். கறுப்பு போய்விட்டால் கேமரா நன்றாக இருக்கிறது. சென்சார் முழுதும் திறந்திருக்கும் கணத்தில்தான் பிளாஷ் அடிக்க வேண்டும். அது பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான். அதற்கு மேல் போனால் திரை பாதி மூடியிருக்கும்போதே பிளாஷ் அடித்துவிடும். வயர்லெஸ் டிரிக்கர் வைத்திருந்தால் சிக்னல் கொஞ்சம் தாமதமாகப் போகும், 1/160-ல் நிற்பது நல்லது. 1/125-லும் கறுப்பு வந்தால் மட்டும் திரை மந்தமாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி: தாத்தா ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு நொடி வேகம் வைத்தால் இரண்டு நொடி திறந்திருக்கிறது. 1/1000-ல் படத்தின் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும் என்கிறார்கள். விடலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: விடவே விடாதீர்கள். இருக்கிற கோளாறே பழைய எண்ணெயால் வந்ததுதான். பல்சக்கரங்களில் வைத்த பிசுக்கு நாற்பது வருடத்தில் காய்ந்து பசையாகியிருக்கிறது. மேலே புது எண்ணெய் விட்டால் அந்தப் பசை கரைந்து துணித்திரைக்குள் ஊறும். பிறகு திரையையே மாற்ற வேண்டிவரும். குளிர் அதிகமான குன்னூரில் கெட்டிப்பட்ட பிசுக்கு இன்னும் இறுகும். ஜனவரிக் காலையில் இரண்டு நொடி ஆவது மத்தியானத்தில் ஒன்றரையாகக் குறைந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

உங்கள் தாத்தா வேலை பார்த்த, 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்திக்கு வந்து, இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்த வீடுகளில் இப்படிப்பட்ட கேமராக்கள் இன்னும் அலமாரியில் தூங்குகின்றன. அவற்றை எடுத்து ஓட்ட நினைப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

கே1000-ல் ரப்பர் பூசிய துணித்திரை இரண்டு, பக்கவாட்டில் ஓடுகின்றன. அதனால் கோளாறு படத்தின் இடதிலோ வலதிலோ தெரியும். மெல்லிய உலோகத் தகடு ஓடும் கேமராக்களில் மேலோ கீழோ தெரியும். பேட்டரி வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான், ஷட்டருக்கு வேண்டியதில்லை. முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். அதனால் நன்றாகத் தெரிந்த மெக்கானிக் கையில் கொடுத்தால் முழுசாக மீளும்.

எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதை போனிலேயே அளக்கலாம். ஃபிலிம் இல்லாமல் கேமராவை மேசைமேல் வைத்து, போனின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பக்கத்தில் வைத்து அடியுங்கள். பதிவை அலைவடிவமாகக் காட்டும் இலவசச் செயலியில் திறந்தால் திரை திறக்கும் சத்தம் ஒரு கூர், மூடும் சத்தம் ஒரு கூர் என்று தெரியும். நடுவில் உள்ள தூரம்தான் வேகம். 1/15-க்கு 67 மில்லி செகண்ட், 1/30-க்கு 33 வர வேண்டும். அதற்கு மேலான வேகங்களில் இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவற்றுக்கு ஒளியை உணரும் டெஸ்டர்தான் வேண்டும். நெகட்டிவ் ஃபிலிமுக்கு கால்பங்கு பிசகு பொருட்டில்லை. ஸ்லைடு ஃபிலிமுக்கு அது கூடப் பொறுக்காது.

அடுத்து, திரையில் பொத்தல் இருக்கிறதா பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, இருட்டறையில் முன்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்துப் பின்னாலிருந்து பார்த்தால், நட்சத்திரம் மாதிரி புள்ளிகள் தெரியும். லீவரை இழுத்து ஷட்டரை ஏற்றிவைத்தும் ஒருமுறை பாருங்கள், அப்போதுதான் இரண்டு திரையும் சோதனைக்கு வரும். ஒன்றிரண்டு புள்ளி என்றால் கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட்டை ஊசி நுனியில் தொட்டு வைத்து ஒரு நாள் காயவிடலாம். மேலே தடிமனாகப் பூசினால் திரை கனத்து வேகம் குறையும். துணி சுருங்கி வெடித்திருந்தால் திரையை மாற்றுவது ஒன்றே வழி.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, "முதலில் சுத்தம் செய்யுங்கள், பிறகு தேவைப்பட்டால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். சிலர் சுத்தம் செய்யும் வேலையைத் தவிர்க்க ஸ்பிரிங்கை இறுக்கி 1/1000-ஐச் சரிசெய்து தந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் மறுபடி கறுக்கும், மேற்கொண்டு இறுக்க இடமிருக்காது. பின்கதவு ஓரத்திலும் மிரருக்கு மேலேயும் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சும் இந்நேரம் ஒட்டும் தார் மாதிரி ஆகியிருக்கும். அதையும் அதே தடவை மாற்றச் சொல்லுங்கள். அதன் துகள் திரையில் விழுந்தால் இத்தனை செலவும் வீண்.

சரியாகி வந்தபின், ஏற்றிய ஷட்டரோடு அலமாரியில் வைக்காதீர்கள், அடித்து இறக்கிவிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் நாலு தடவை அடியுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பூஞ்சையும் அண்டாது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும். அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

கேள்வி: கோக்கர்ஸ் வாக்கில் சூரிய உதயம் எடுத்தேன். மிரர்லெஸ் கேமரா, 400 எம்.எம். லென்ஸ். முடித்துவிட்டு கேமராவை அணைத்து, அப்படியே டிரைபாடில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். இப்போது ஷட்டர் தகட்டில் பழுப்பாக ஒரு வட்டமும் நெளிவும் தெரிகிறது.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: அது சூடுபட்ட தடம். அணைத்தால் ஷட்டரை மூடிக்கொள்ளும் மாடலாக உங்கள் கேமரா இருக்க வேண்டும். தூசி விழாமலிருக்க நல்ல வசதிதான். ஆனால் லென்ஸ் அப்போதும் பூதக்கண்ணாடிதான். சூரியனின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்குக் குவியத் தூரத்தை 109-ஆல் வகுத்தால் போதும். 400 எம்.எம்.-க்கு 3.7 மி.மீ. உங்கள் தகட்டில் தெரியும் வட்டமும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும், அளந்து பாருங்கள். மெல்லிய தகட்டில் அவ்வளவு வெப்பமும் ஒரே இடத்தில் இறங்கினால் பூச்சு கருகி, தகடு நெளியும்.

நெளிந்த தகட்டை நிமிர்த்த முடியாது, ஷட்டர் யூனிட்டையே மாற்ற வேண்டும். எஸ்டிமேட் வாங்கும்போது சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அதற்கும் அடிபட்டிருக்கலாம். சூரியனை நோக்கி வைக்காதீர்கள் என்று கையேட்டிலேயே எச்சரித்திருப்பதால், உத்தரவாதத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இனிமேல் கேமராவை விட்டு நகரும்போது லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். காரின் பின்சீட்டில் வைக்கும்போதும் அப்படியே. உச்சி வெயிலில் சூரியனையே எடுப்பதானால், லென்ஸுக்கு முன்னால், ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சோலார் ஃபில்டர் வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று ஊட்டியில் வளைய கிரகணம் தெரிந்ததே, அந்த மாதிரி நாட்களில் வெறும் சாயக்கண்ணாடியை வைத்து ஒப்பேற்றுவது கேமராவுக்கும் கண்ணுக்கும் சேர்த்துக் கேடு. உங்கள் ஊரிலேயே சூரிய ஆய்வகம் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவருகிறது. சூரியனோடு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அங்கே போய்ப் பார்த்தாலே புரியும்.

கேள்வி: பறவைப் படம் எடுப்பவன். ஒரு காலையில் 3,000 படம் ஓடிவிடுகிறது. ஷட்டரைக் காப்பாற்ற, திரை ஓடாத எலக்ட்ரானிக் ஷட்டரிலேயே எடுக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குத் தாராளமாக எடுக்கலாம். தேய்மானமே இல்லை, சத்தமும் இல்லை. பறக்கும்போது சிறகு வளைந்து தெரிந்தால் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால் வரும் கோணல் அது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் சென்சார் படிக்கும் வேகம் அதிகம் என்பதால் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. உங்கள் கேமரா எந்த ரகம் என்று தெரிய, மின்விசிறியை ஓடவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்தால் பறக்கும் பறவைக்கு ஆகாது. மெதுவாக ஏறும் மலை ரயிலுக்கு எதுவும் போதும்.

அறைக்குள் எல்.இ.டி. வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் பெரும்பாலும் மறையும். ஷட்டரை உண்மையில் தின்பது, இடைவெளி விட்டு எடுத்த படங்களை வீடியோவாகக் கோக்கும் டைம்லாப்ஸ்தான். பள்ளத்தாக்கில் பனி ஏறுவதை 5 நொடிக்கு ஒன்று என்று நாலு மணி நேரம் எடுத்தால் 2,880 கிளிக். அதில் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான வீடியோ. அதற்கு எலக்ட்ரானிக்கைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: சென்சார் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது திடீரென்று ஷட்டர் மூடிக்கொண்டது. ஒரு தகடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சாமணத்தால் உள்ளே தள்ளலாமா?
– வாசகர், பூம்பாறை

பதில்: வேண்டாம். ஒவ்வொரு திரையும் நாலைந்து மெல்லிய தகடுகள், இரண்டு கைகளில் ஆணி அடித்துக் கோத்தவை. ஒன்று மடங்கினால் மற்றவையும் அதில் சிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். ஷட்டர் மூடிக்கொண்டதற்குக் காரணம் பேட்டரி இறங்கியது. சுத்தம் செய்யும் நேரம் முழுதும் ஷட்டரைத் திறந்து பிடித்திருக்க மின்சாரம் வேண்டும். முழுக்க சார்ஜ் ஏற்றாமல் அந்த மெனுவுக்குள் போகவே கூடாது. டப்பாவில் அடைத்த காற்றையும் உள்ளே அடிக்காதீர்கள். அதன் வேகமே தகட்டைப் பெயர்க்கும், கூடவே திரவமும் தெறிக்கும். ரப்பர் பல்ப் ஊதி போதும்.

வீடியோவைப் பார்த்து நீங்களே பிரிக்கலாம் என்று நினைத்தால் இரண்டு எச்சரிக்கை. உள்ளேயே பிளாஷ் உள்ள பாடியில், பேட்டரியைக் கழற்றியபிறகும் பிளாஷ் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு நிற்கும். ஜப்பான் கேமராக்களின் திருகுகள் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்) வகை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் வைத்தால் தலை வழுக்கி மழுங்கிவிடும், பிறகு மெக்கானிக்காலும் கழற்ற முடியாது.

கேள்வி: டிசம்பரில் தலைக்குந்தாவில் உறைபனியை எடுக்கும்போது கேமரா நின்று நின்று வேலை செய்கிறது. ஷட்டர் போய்விட்டதா?
– வாசகி, ஊட்டி

பதில்: பேட்டரிதான். குளிரில் அது சோர்ந்துவிடும். இன்னொரு பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்து மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும். "எர்" என்று காட்டினால் லென்ஸையும் பாடியையும் இணைக்கும் உலோகப் புள்ளிகளைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு வேறு லென்ஸ் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே கேமராவைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். வெளிக்குளிரிலிருந்து அடுப்படி வெப்பத்துக்கு வந்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஷட்டரின் ஸ்பிரிங்கும் மின்தொடர்புகளும் துருப்பிடிப்பது அப்படித்தான்.

கேள்வி: இங்கிருந்து சென்னைக்குக் கூரியரில் கேமராவை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும். என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: லென்ஸ், பேட்டரி, கார்டு, வார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாடி மூடி போட்டு, பாடியை மட்டும் அனுப்புங்கள். லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு உண்டு, பார்சல் நடுவழியில் நின்றுவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்து, குமிழி உறை சுற்றி, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வையுங்கள். உள்ளே ஒரு தாளில் கோளாறு எந்த வேகத்தில், பத்துக்கு எத்தனை படத்தில் வருகிறது என்று எழுதி, மாதிரிப் படங்களையும் அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், அவர்கள் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சோதனைக் கட்டணம் வாங்கித் திருப்பி அனுப்பிவிடலாம். அடியில் உள்ள சீரியல் எண்ணையும் பாடியின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பொருளின் மதிப்பைக் கூரியர் ரசீதில் எழுதி, காப்பீடும் போடுங்கள்.

எஸ்டிமேட்டை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். உதிரிபாகம், கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றும் தனித்தனியாக எழுத்தில் வர வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் சோதனைக்கும் திருப்பி அனுப்பவும் எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல் சொல்லாமல் ஏற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். எழுத்தில் இருக்கும் எஸ்டிமேட்தான் அப்போது உங்களுக்குச் சாட்சி.